போதாத தூசி

தூசி போதவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நுண்தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, மூச்சுப் பட்டால்கூட எண் ஆடிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு, மூன்றாவது தடவையாக அந்த வடிதாளை நிறுத்துப் பார்த்தாள் தூசி மேடம். எண் அசையவில்லை. அந்தத் துறையிலேயே சிபாரிசுக்கு மசியாத ஒரே ஆசாமி அந்தத் தராசுதான்.

"இன்னும் கொஞ்சம் ஏறேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். ஏறவில்லை.

தூசி மேடம் என்பது மரப் பொம்மைப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். அவளும் மறுத்ததில்லை. சுற்றுச்சூழல் மற்றும் தொழில்சார் நலத் துறையில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி மாணவியாக இருந்து, இதுவரை அவள் வாங்கிய ஒரே பட்டம் அதுதான். மரத்தூசியை நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறவர்களின் நுரையீரல் என்ன ஆகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. வேலை செய்கிறவர் இடுப்பில் ஒரு சின்ன பம்ப்பைக் கட்டுவாள். அதிலிருந்து ஒரு குழாயைக் கழுத்தோரம் வரை கொண்டுபோய், நுனியில் வடிதாள் வைத்த டப்பாவை மாட்டிவிடுவாள். எட்டு மணி நேரம் அவர் இழுக்கிற காற்றை அதுவும் இழுக்கும். காலையில் வடிதாளின் எடை, மாலையில் வடிதாளின் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தூசி. விஞ்ஞானம் இவ்வளவுதான். மீதியெல்லாம் ஃபாரம் நிரப்புவது.

அந்த ஃபாரத்தில்தான் இப்போது அவள் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகைக்குப் பச்சை ஃபாரம் என்று ஒன்று உண்டு. ஆய்வு செய்யும் இடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் வீதம் நான்கு வாரம் தூசியை அளக்க வேண்டும். நான்கின் சராசரி, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டினால், ஆபத்தான இடம், ஆராய்ச்சிக்குத் தகும் என்று உதவித்தொகை தருவார்கள். தாண்டாவிட்டால், நன்றாக இருக்கிற இடத்துக்கு ஆராய்ச்சி எதற்கு என்று ஃபாரத்தைத் திருப்பிவிடுவார்கள். ஐந்து வருடம் முடிந்தவர்கள் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. உதவித்தொகை இல்லையென்றால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் அண்ணனுடைய சிநேகிதர் நடத்தும் பெயிண்ட் கம்பெனியில், பாதுகாப்புப் பிரிவில், அவளுக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. பாதுகாப்புப் பிரிவு என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 'வழுக்கும், கவனம்' என்ற பலகையை ஈரமான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

முதல் வாரம் எல்லாம் அமோகமாகத்தான் இருந்தது. பட்டறையின் தேய்ப்புப் பிரிவில் எட்டுப் பெண்கள் தரையோடு தரையாகப் போட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, மர யானைகளையும் மரக் குதிரைகளையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். புருவம், கண்ணிமை, காதுமடல் எல்லாம் வெள்ளை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. மணி மட்டும் தெரியவில்லை. முதல் பம்ப்பை இடுப்பில் கட்டிக்கொள்ள முன்வந்தது அவர்களில் ஒருத்தியான தேய்ப்பு அக்கா.

"இது என்ன பண்ணும் மேடம்?"

"நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தூசி இழுக்கிறீங்கன்னு சொல்லும்க்கா."

"அதுக்கு எதுக்கு மிஷினு? என்னைக் கேட்டா நானே சொல்லிடுவேனே" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிஷம் பிடித்தது.

அன்றைய அளவு, அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு. தூசி மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வினையைத் தன் கையாலேயே செய்தாள். ஆய்வின் முடிவை ஒரே நாளில் எழுத்தில் அந்த இடத்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நன்னெறிக் குழுவின் விதி. ஊரில் யாரும் மதிக்காத விதி. இவள் மதித்தாள். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டாவது வாரம் போனபோது பட்டறை ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருந்தன. தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கடிகாரத்தில் மணி பத்து இருபது என்று தெளிவாகத் தெரிந்தது. அப்போதே அவளுக்குச் சந்தேகம்தான். இப்போது தராசு அதை எண்ணாகவே காட்டிவிட்டது. அனுமதித்த அளவில் பாதிதான்.

கைடைப் பார்க்க ஓடினாள். கைடு எப்போதும் ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் மனிதர். அவரிடம் பேச வேண்டுமென்றால் அவருடைய அறை வாசலிலிருந்து படிக்கட்டு வரை உள்ள வராந்தாதான் நேரம். மாணவர்கள் அந்த வராந்தாவை அளந்து வைத்திருந்தார்கள். வேகமாக நடந்தால் ஆறு கேள்வி.

"சார், பட்டறையில தூசி குறைஞ்சிடுச்சு."

"நல்ல விஷயம்தானே?"

"சார், நம்ம உதவித்தொகை..."

"ஐயையோ, ஆமாம்." அவர் நடை தளரவில்லை, முகம் மட்டும் தளர்ந்தது. "எப்படிக் குறைஞ்சுது? நீ என்ன பண்ணி வச்சே?"

"ரிசல்ட்டை மேனேஜர்கிட்ட கொடுத்தேன் சார். நன்னெறிக் குழு கொடுக்கச் சொல்லியிருக்கே."

"குழு ஆயிரம் சொல்லும். சொன்னா உடனே செஞ்சிடறதா?"

"அந்தக் குழுவுக்குத் தலைவரே நீங்கதான் சார்."

படிக்கட்டு வந்துவிட்டது. இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "எப்பவும் இருக்கிற மாதிரியே இருக்கச் சொல்லு. பக்குவமா சொல்லு" என்றார். அடுத்த கூட்டம் அவரை இழுத்துக்கொண்டது.

பக்குவமாகச் சொல்வது எப்படி? தொழிலாளர் நலம் படிக்கிற ஒருத்தி, ஒரு முதலாளியிடம் போய், 'தயவுசெய்து சுத்தம் பண்ணாதீர்கள்' என்று எந்த வாயால் சொல்வாள்? பஸ்ஸில் போகும்போது பத்துத் தடவை ஒத்திகை பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மேனேஜர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் ஒரு நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்.

"சார், ஆய்வுக்காக நீங்க ஸ்பெஷலா எதுவும் பண்ண வேண்டாம். எப்பவும் இருக்கிற மாதிரியே இருந்தா போதும்."

மேனேஜர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"புரியுது மேடம். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் தண்ணி தெளிச்சா அது நாடகம். எப்பவும் சுத்தமா இருக்கணும். அதைத்தானே நாசூக்கா சொல்றீங்க?"

"ஐயோ, அப்படி இல்ல சார். நான் சொல்ல வந்தது..."

"வேண்டாம் மேடம். இதுக்கு மேல நீங்க சொன்னா எனக்கு வெட்கமாயிடும்."

அன்று மாலையே பெருக்குவதற்கென்று இரண்டு பேரை வேலைக்கு வைத்தார். ஈரத் துணி போட்டுத் துடைப்பதற்கு ஒருவரை வைத்தார். அவள் வாசலைத் தாண்டும்போது வாட்ச்மேன், "நல்ல காரியம் பண்ணீங்க மேடம், என் மச்சானுக்கு வேலை கிடைச்சிடுச்சு" என்று சல்யூட் அடித்தார்.

சொல்லிவிட்டுப் போவதால்தானே இந்த வம்பு என்று, மூன்றாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போனாள். வழக்கமான செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கே போய் நின்றாள். மச்சானுக்கு வேலை வாங்கித் தந்த மேடத்தை வாட்ச்மேன் சும்மா அனுப்பிவிடுவாரா? நாற்காலி போட்டார். மின்விசிறியைத் திருப்பிவிட்டார். பார்வையாளர் நோட்டில் பெயர், முகவரி, வந்த நோக்கம், ரத்த வகை வரை எழுத வைத்தார். விருந்தாளிச் செருப்பு என்று ஒரு ஜோடியைத் தேடப் போனவர் இருபது நிமிஷம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் உள்ளே வாளிகள் உருளும் சத்தமும், "சீக்கிரம், சீக்கிரம்" என்ற குரலும் கேட்டு அடங்கிவிட்டன.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், உண்மையைச் சொல்லுங்க. எங்ககிட்ட பொம்மை வாங்குற கம்பெனிக்காரங்க உங்களை அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல சார். இது என் படிப்பு."

"படிக்கிறவங்க யாராவது ஏழரை மணிக்கு வருவாங்களா மேடம்?"

அவள் குனிந்து பையிலிருந்து பம்ப்பை எடுத்தாள். அதையே அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் தேய்ப்புப் பிரிவின் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, தூசியை வெளியே இழுக்கும் மின்விசிறி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அது சுற்றிய சுற்றில் தேய்ப்பு அக்காவின் முந்தானை தானாக எழுந்து சுவரை நோக்கிப் போயிற்று.

அன்றைய தூசி, அளவில் கால் பங்கு.

தூசி மேடம் காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். முதல் வாரம் மூன்று, இரண்டாவது அரை, மூன்றாவது கால். ஆக மூன்றே முக்கால். சராசரி ஒன்றைத் தாண்ட வேண்டுமானால் மொத்தம் நான்கைத் தாண்ட வேண்டும். கடைசி வாரம் கால் பங்குக்கு மேல் ஒரு சிட்டிகை தூசி விழுந்தால் போதும். ஒரு சிட்டிகை! மனிதர்கள் மலையைக் கேட்டுத் தவம் இருக்கிறார்கள். இவள் ஒரு சிட்டிகை தூசிக்கு ஏங்கினாள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி இப்படிக் கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"தூசி இல்ல அண்ணி."

"இவ்வளவுதானா? நம்ம பரண்ல ஏறு. ஒரு லாரி தேறும்."

"விளையாடாதீங்க அண்ணி. அடுத்த வாரமும் தூசி வரலேன்னா என் படிப்பே போச்சு."

"நான் விளையாடல. உங்க அண்ணன்தான் விளையாடறார். அந்தப் பெயிண்ட் கம்பெனிக்காரர்கிட்ட, ஒண்ணாம் தேதியே அனுப்பிடறேன்னு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கார்." அண்ணி ஒரு சட்டையை உதறினாள். பிறகு கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அது சரி, அந்தப் பொம்பளைங்க தூசி இல்லாம நிம்மதியா மூச்சு விட்டா நல்லதுதானே? அதுக்குத்தானே நீ படிக்கிறே?"

தூசி மேடத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. முதன்முதலில் இடம் பார்க்கப் போன அன்று தேய்ப்பு அக்காவின் இருமலைக் கேட்டு மனசு வெந்துதான் அவள் இந்தப் பட்டறையையே தேர்ந்தெடுத்தாள். இப்போது அந்த அக்கா நன்றாக இருமினால் தேவலை என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பற்றியே அவளுக்குக் கூசியது. கூசியதே தவிர, சிட்டிகைக் கணக்கு மனசை விட்டு இறங்கவில்லை.

நான்காவது வாரம் அவள் ஒரு முடிவோடு போனாள். பட்டறையில் எந்த இடத்தில் தூசி அதிகமோ அங்கே போய் பம்ப்பை மாட்டுவது. விதிப்படி அதில் தப்பில்லை. தேய்ப்புப் பிரிவில், மின்விசிறிக்கு எட்டாத மூலையில் இரண்டு பேரை உட்கார வைத்தால் கதை முடிந்தது.

தேய்ப்புப் பிரிவில் மேசைகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருந்தன. சுவருக்கு இளம்பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். காற்றில் புது பெயிண்ட் வாசனை மட்டும்தான் வந்தது. அந்த வாசனையில் அவளுக்குத் தன் எதிர்காலமே தெரிந்தது.

"சார்... இங்க தேய்க்கிற வேலை?"

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "அதையெல்லாம் மாடர்ன் பண்ணிட்டோம் மேடம். பழைய முறையே கிடையாது. எல்லாம் உங்க ரிப்போர்ட்டாலதான்."

மிஷின் வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. வேறு நாளாக இருந்தால் என்ன மிஷின், எங்கே இருக்கிறது என்று குடைந்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கு இருந்தது ஒரே கேள்விதான்.

"அப்ப தூசி எங்கதான் சார் இருக்கு?"

"தேடிப் பாருங்க மேடம். நீங்களே தேடிப் பாருங்க. ஒரு பொட்டு கிடைச்சா என் காதை அறுத்துக்கறேன்."

கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு தேடினாள். அறுக்கும் வாள்களைக் கட்டடத்துக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. வண்ணம் பூசும் இடத்தில் தரையில் முகம் பார்க்கலாம். கடைசியில், பழைய சாக்குகள் அடுக்கிய ஒரு சரக்கறை அகப்பட்டது. கதவைத் திறந்ததும் வெயில் கோட்டில் தூசி மினுமினுத்துக்கொண்டு மிதந்தது. ஐந்து வருடத்தில் அவ்வளவு அழகான காட்சியை அவள் பார்த்ததில்லை. சரக்கறைக்காரரை எட்டு மணி நேரம் உள்ளே உட்காரச் சொல்லலாம், பம்ப்பை அவர் இடுப்பில் கட்டலாம் என்று பையைத் திறந்தாள்.

தும்மல் வந்தது. அடக்கிப் பார்த்தாள். தொழில்சார் நலத்தில் ஐந்து வருடம் படித்தவளின் மூக்கு அது, கடமையைச் செய்தது. அடுத்தடுத்து நான்கு தும்மல்.

"மேடம் தும்முறாங்க!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது. அடுத்த நிமிஷம் மேனேஜர் வந்தார், பின்னாலேயே நான்கு பேர் வந்தார்கள். சாக்குகள் போயின, அலமாரிகள் போயின, வெயில் கோட்டில் மிதந்த அந்த மினுமினுப்பும் போயிற்று. "மன்னிச்சிடுங்க மேடம், இந்த ரூமை மறந்துட்டோம்" என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். அவளும் கையைப் பிசைந்தாள். இருவரும் வேறு வேறு காரணத்துக்காக.

வேறு வழியில்லாமல் பொட்டலம் கட்டும் பெண்கள் இருவருக்குப் பம்ப்பை மாட்டினாள். மத்தியானம், யாரும் இல்லாத சமயம் பார்த்து, மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறு அவள் கண்ணில் பட்டது. சத்தியமாக அவள் எதையும் பொய்யாக எழுதுகிறவள் இல்லை. ஆனால் பெருக்குவது பொய் இல்லையே? எல்லா ஊரிலும் பெருக்குகிறார்கள். தரையில் எங்கேயாவது கொஞ்சம் பாக்கி இருந்தால் அது தானாக எழும்பட்டும். இரண்டு வீச்சு வீசியிருப்பாள்.

"ஐயோ மேடம்!" பெருக்குகிற அம்மா ஓடி வந்து விளக்குமாற்றைப் பிடுங்கினாள். "நீங்க பெருக்குறதை மேனேஜர் பார்த்தா, நான் வேலையே செய்யலன்னுதானே நினைப்பாரு? இப்பத்தான் மேடம் சேர்ந்திருக்கேன். என் வயித்துல அடிக்காதீங்க."

அந்த அம்மா கண்ணில் தண்ணீர் தளும்பியது. தூசி மேடத்துக்கும் தளும்பியது. பெருக்குகிற அம்மா அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், தரையை இன்னொரு தடவை ஈரத் துணி போட்டுத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தராசுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்று மாலை நான்கு மணி, பச்சை ஃபாரத்துக்குக் கடைசி நேரம். பட்டறைக்குப் போகும்போதெல்லாம் ஒரு வெற்று வடிதாளையும் பையில் கொண்டுபோவது வழக்கம். அதை யாருக்கும் மாட்டுவதில்லை; சும்மா போய் வரும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. முதலில் அதை நிறுத்தாள். பிறகு எட்டு மணி நேரம் பொட்டலம் கட்டும் பெண்ணின் கழுத்தில் இருந்ததை நிறுத்தாள்.

சும்மா பையில் போய் வந்த வடிதாளில்தான் தூசி அதிகம்.

கழித்துப் பார்த்தால் விடை மைனஸில் வந்தது. அதாவது, விஞ்ஞானப்படி அந்தப் பெண் எட்டு மணி நேரம் மூச்சு விட்டு, ஏற்கெனவே இருந்த தூசியையும் குறைத்திருக்கிறாள். தூசி மேடம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஐந்து வருடம். எத்தனை பஸ், எத்தனை வடிதாள், எத்தனை ஃபாரம். தன் வயதுப் பெண்களெல்லாம் எங்கேயோ போய்விட, அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படித்த ஐந்து வருடம். எல்லாம் ஒரு சிட்டிகை தூசிக்கு வழியில்லாமல் போயிற்று. அழுத அழுகையில் தராசின் எண் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்கு, நிரப்பாத பச்சை ஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனாள். நிரப்பாவிட்டாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு விதி இருந்தது. துறையின் கிளார்க் முப்பது வருட சர்வீஸ். பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். எந்த டிராயரில் எது இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"என்னம்மா, கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு?"

"தூசி சார்."

"கண்ணுல விழுந்துடுச்சா?"

"இல்ல சார். விழவே இல்ல."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவள் கொட்டித் தீர்த்தாள். அவர் குறுக்கே இரண்டே கேள்விதான் கேட்டார்.

"முதல்ல எவ்வளவு இருந்துச்சு?"

"மூணு மடங்கு சார்."

"இப்ப?"

"மைனஸ்."

"நாலே வாரத்துலயா?" அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அட பைத்தியக்காரப் பொண்ணே! அதுக்கு யாராவது பச்சை ஃபாரத்தைக் கட்டிக்கிட்டு அழுவாங்களா? தூசி இருந்தாத்தான் பச்சை. தூசி போயிடுச்சுன்னா மஞ்சள்."

அடி டிராயரை இழுத்தார். அது வருவேனா என்று அடம்பிடித்தது. உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் ஃபாரத்தை எடுத்து உதறினார். அந்த அறையில்தான் அன்று நியாயமான தூசி எழும்பியது. பணியிட மேம்பாட்டுக்கான இளம் ஆய்வாளர் விருது. இரண்டு வருட உதவித்தொகை, ஒரு கேடயம், பாராட்டு விழா.

"பதினோரு வருஷமா இதை யாரும் கேட்டதில்லம்மா. ஏன்னா யாரும் எதையும் குறைச்சதில்ல. எல்லாரும் வந்து அளந்து பாத்துட்டுப் போவாங்க, அவ்வளவுதான்."

"ஆனா சார், நான் எதுவுமே பண்ணலையே? குறையாம இருக்கணும்னுதானே இத்தனை பாடுபட்டேன்?"

கிளார்க் ஃபாரத்தின் இரு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதை எழுதுறதுக்கு இதுல இடம் இல்லம்மா" என்றார்.

ஐம்பது நிமிஷத்தில் நிரப்பினாள். கையெழுத்துக்குக் கைடைத் தேடிப் போனபோது அவர் வழக்கம்போல வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். எண்களைப் பார்த்ததும் நின்றார். ஐந்து வருடத்தில் அவர் நின்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "முடிவுகளை நிர்வாகத்துக்கு உடனே தெரிவிக்கணும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் பார்த்தியா?" என்று சொல்லி, அவள் முதுகையே மேசையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வுக் குழுவில் இருந்த ஐந்து பேரும் வாயைப் பிளந்தார்களாம். மூன்று மடங்கிலிருந்து மைனஸுக்கு, நாலே வாரத்தில், ஒரு மாணவி! நேரில் போய்ப் பார்த்தார்கள். பூந்தொட்டிகளைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், கடிகாரத்தில் மணி பார்த்தார்கள். ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையால் ஜன்னல் கட்டையைத் துடைத்து, அதைக் கைக்குட்டையாகவே மறுபடி பயன்படுத்தினார். விருது அவளுக்குத்தான் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

அண்ணன் பெயிண்ட் கம்பெனிக்காரருக்கு ஃபோன் போட்டு, "தங்கச்சிக்கு விருது குடுக்கிறாங்க, பலகை வைக்க வேற ஆளைப் பாத்துக்கோ" என்று சொன்னதை அண்ணி தெருவுக்கே சொன்னாள். தூசி மேடத்துக்கு நம்புவதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. நம்ப ஆரம்பித்ததும் அவளுக்கு வேறொரு நினைப்பு வந்தது. தான் சுயநலமாகத் தவித்த தவிப்பிலும் ஏதோ ஒரு நல்லது தன்னையும் மீறி நடந்துவிட்டது. எட்டுப் பெண்கள் இனிமேல் தூசி இழுக்கப்போவதில்லை. அந்த ஒரு எண்ணத்தில்தான் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வந்தது.

விழா, துறையின் பெரிய கூடத்தில் நடந்தது. கைடு பேசினார், தன் வழிகாட்டலைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். மேனேஜருக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "மேடம் வாயைத் திறந்து எதையும் கேட்கல. நாங்கதான் அவங்க மனசைப் புரிஞ்சுக்கிட்டோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தூசி மேடம் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று அதற்கும் தட்டினார்கள்.

கடைசி வரிசையில் பட்டறைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஒரு வேன் வைத்து அழைத்து வந்திருந்தார். அவர்கள் நடுவில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, தேய்ப்பு அக்கா. புருவம் கறுப்பாக இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் தூசி மேடம் எழுந்துவிட்டாள். கேடயத்தை அண்ணி கையில் திணித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். இந்தப் பெரிய மனிதர்கள் பாராட்டு எல்லாம் எதற்கு? இந்த ஒருத்தி வாயால் நன்றாக இருக்கிறேன் என்று கேட்டால் போதும். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இப்ப எப்படி இருக்கீங்க? புது முறை வந்ததுக்கப்புறம் வேலை சுலபமா இருக்கா?"

அக்காவின் முகம் மலர்ந்தது.

"உங்க புண்ணியத்துல இப்ப பஸ் ஏறி வர்ற அலைச்சலே இல்ல மேடம், தேய்க்கிற பொம்மையெல்லாம் மூட்டை கட்டி எங்க எட்டுப் பேர் வீட்டுக்கே அனுப்பிடறாங்க, அடுப்படியில கதவைச் சாத்திக்கிட்டு, கைக்குழந்தையை மடியில போட்டுக்கிட்டே தேய்ச்சு முடிச்சிடறேன்."